பெல்லாரிப் படமும் அந்த அரை ராத்தலும்



வழக்கமாக ஒரு வேதபகுதியோடு நம் வாரச் சிந்தனையைத் தொடங்குவோம். இவ்வாரம் ஒரு படத்தோடு தொடங்க விரும்புகிறேன். 1877-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லண்டனிலிருந்து வெளிவந்த ‘தி கிராஃபிக்’ என்னும் வார இதழில் அச்சிடப்பட்ட மரச்செதுக்குப் படம் அது. அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த பெல்லாரி மாவட்டத்தின் பஞ்சத்தை அது காட்டுகிறது. வண்ணம் இல்லை, கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டுமே. எலும்பெடுத்த கால்நடையின் துயரமும் சோர்ந்துபோன மனிதரின் துயரமும் ஒரே படத்துக்குள் அருகருகே நிற்கின்றன. அதைப் பார்த்த பின்பு பல நாட்கள் என் மனம் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தை ஆண்டவரின் சமுகத்தில் வைத்தபோது எனக்குக் கிடைத்த கேள்வியையே உங்களிடம் கொண்டுவருகிறேன்.

முதலில் இத்தகைய படம் எப்படி உண்டாயிற்று என்பதை அறிந்துகொள்ளுங்கள். அக்காலத்தில் கேமரா இருந்தது. ஆனால் எழுத்துகளோடு சேர்த்துப் புகைப்படத்தை நாளிதழிலும் வார இதழிலும் அச்சிடும் முறை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே தொலைதூர நாடுகளிலிருந்து வந்த புகைப்படத்தையோ கோட்டோவியத்தையோ பாக்ஸ்வுட் என்னும் கடினமான மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் எழுதி, கூர்மையான சிற்றுளியால் செதுக்குவார்கள். உளி பட்ட இடம் தாளில் வெள்ளையாகும். விட்ட இடம் மையை ஏந்திக் கறுப்பாகும். பெரிய படமானால் பல மரத்துண்டுகளை ஒன்றாக முடுக்கிப் பிணைப்பார்கள். அவசரமானால் அவற்றைப் பிரித்துப் பல செதுக்குநரிடம் கொடுத்து, இராவும் பகலும் செதுக்கி, மறுபடியும் இணைப்பார்கள். அப்படியென்றால் ஒரு மனிதனின் விலா எலும்பு ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் விளக்கொளியில் குனிந்து அமர்ந்து, மரத்தில் ஒவ்வொரு கோடாக எடுத்திருக்க வேண்டும். அத்தனை நேரம் பிறருடைய துயரத்தை உற்றுப் பார்ப்பது எளிதான வேலையன்று. நாமோ கைப்பேசியில் அத்தகைய படத்தை ஒரு நொடியில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம்.

படத்தில் மனிதரோடு கால்நடையும் இருப்பதைக் கண்டபோது எனக்கு யோனாவின் புத்தகம் நினைவுக்கு வந்தது. நினிவே அழியவில்லையே என்று கோபித்துக்கொண்டிருந்த தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் சொன்ன கடைசி வார்த்தையை நீங்கள் அறிவீர்கள் (யோனா 4:11). அந்த நகரத்தின் ஜனத்தொகையைச் சொன்ன கையோடு அங்கிருந்த மிருகஜீவன்களையும் அவர் நினைவுகூர்ந்தார். தேவனுடைய இரக்கத்தின் கணக்கில் மாடும் வருகிறது. உழவனுக்கு மாடு என்பது அடுத்த ஆண்டின் விதைப்பு. அது விழுந்தால், மழை திரும்பி வந்தாலும் ஏர் பூட்ட வழியில்லை. மாடும் மனிதனும் ஒரே படத்தில் நிற்பதன் பொருள் இதுவே: இன்றைய உணவும் போயிற்று, நாளைய நம்பிக்கையும் போயிற்று.

நம் முன்னோர் இதனைத் தாது வருடப் பஞ்சம் என்று அழைத்தார்கள். 1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் ஆகிய பகுதிகளைப் பஞ்சமும், அதைத் தொடர்ந்து வாந்திபேதியும் காய்ச்சலும் சூறையாடின. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெல்லாரி, கர்நூல், கடப்பா மாவட்டங்களில் அழிவு மிகவும் கொடியதாயிருந்தது. நாம் வாழும் செங்கல்பட்டு மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. ஊரை விட்டு வெளியேறினோர் சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். இன்னும் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போன எலிமெலேக்கின் குடும்பத்தைப்போல, அப்பத்தின் வீட்டிலேயே அப்பம் இல்லாமற்போனவர்கள் அவர்கள்.

அன்பானவர்களே, அந்நாட்களில் தேசத்தில் தானியமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்ததைக் காட்டும் புகைப்படம் இன்றும் உள்ளது. மூட்டை இருந்தது, அதை வாங்கக் கையில் காசில்லை. மழை பொய்த்தபோது வேலை போயிற்று. வேலை போனபோது கூலி போயிற்று. விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. பட்டினியின் வாசல் இப்படித்தான் திறந்தது.

1877 ஆகஸ்ட் மாதத்தில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் இங்கிலாந்து மக்களிடம் உதவி கேட்டது. லண்டன் மாநகர மேயர் நிதி திரட்டத் தொடங்கினார். அந்த வேளையில்தான் இதழ்களில் பஞ்சப் படங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. பலர் மனமிரங்கிக் கொடுத்தார்கள். அதற்காக நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். எனினும் பஞ்சம் தொடங்கி ஏறத்தாழ ஓர் ஆண்டு கழிந்த பின்பே அந்தப் படம் அச்சேறியது என்பதையும் மறக்கலாகாது. மரத்தில் செதுக்கி அது லண்டனில் விற்பனைக்கு வந்த நாளில், அதில் இடம்பெற்ற மனிதர் உயிரோடிருந்தாரா என்று யாரால் சொல்ல முடியும்?

படத்துக்கும் இரக்கத்துக்கும் நடுவே இருக்கும் பிளவைக் காட்ட இன்னொரு செய்தியும் உண்டு. சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்த ஹூப்பர் என்னும் அதிகாரி இந்தப் பஞ்சத்தைப் புகைப்படங்களாக எடுத்தார். எலும்புக்கூடுகளாகிவிட்ட குடும்பங்களை வரிசையாக அமர்த்தி எடுத்த அவருடைய படங்கள் இன்றும் பஞ்ச வரலாற்றின் முகமாக இருக்கின்றன. ஆனால் படமெடுத்து முடிந்ததும் அவர்களுக்கு உதவாமல் அனுப்பிவிட்டார் என்ற கண்டனம் அவர்மேல் எழுந்தது. குளிரிலும் பசியிலும் நிற்கும் சகோதரனுக்கு வேண்டியதைக் கொடாமல், சமாதானமாகப் போய் வா என்று வாழ்த்தி அனுப்புவதில் பயன் என்ன என்று யாக்கோபு அப்போஸ்தலர் நம்மைக் கேட்பது (யாக்கோபு 2:15, 16) நம் நினைவுக்கு வரட்டும். ஹூப்பரை நியாயந்தீர்ப்பது நம் வேலையன்று. அவர் கேமராவின் பின்னால் நின்ற இடத்தில் நாமும் நின்றிருக்கிறோமா என்று சோதித்துப் பார்ப்பதே நம் வேலை.

இனி அந்த அரை ராத்தலுக்கு வருகிறேன். பவுண்டு எடையை நம் பெரியவர்கள் ராத்தல் என்பார்கள். ஏறத்தாழ 450 கிராம். 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைப் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட அனுப்பினார். இந்த டெம்பிள் கல்நெஞ்சராகவே பிறந்தவர் அல்லர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்து மக்களைச் சாவினின்று காத்தவரே அவர். அதற்காக அவருக்குக் கிடைத்ததோ, அரசாங்கப் பணத்தை அளவுக்கு மிஞ்சிச் செலவிட்டார் என்ற பழி. அந்தப் பழியின் பயத்தோடு அவர் தெற்கே வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதனினும் சற்றுக் குறைவு என்று நிர்ணயித்தார். அதிகம் கொடுத்தால் மக்கள் அரசாங்கத்தைச் சார்ந்திருக்கப் பழகிவிடுவார்கள் என்பது அன்றைய வாதம்.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் வில்லியம் கார்னிஷ் இதனை எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியமும், அதனோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். மார்ச் மாதத்தில் சென்னை அரசாங்கம் பாதி வழி இறங்கிவந்தது: ஒன்றேகால் ராத்தல் தானியம், சிறிதளவு பருப்பு. அந்த அரை ராத்தலுக்காக ஒரு மருத்துவர் தம் மேலதிகாரிகளோடு போராட வேண்டியிருந்தது.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சமையலறையில் 450 கிராம் அரிசியை அளந்து ஒரு பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அதன் சக்தி ஏறத்தாழ 1,600 கலோரி. நாள் முழுவதும் மேசைமுன் அமர்ந்து வேலை செய்யும் ஆணுக்கே அது போதாது. ஏற்கெனவே பட்டினியால் உருக்குலைந்த ஒருவர், வெயிலில் மண் வெட்டிக் கூடையில் சுமந்துகொண்டு, அதைக்கொண்டு எப்படி உயிர்வாழ முடியும்? வனாந்தரத்தில் மன்னா பொழிந்தபோது ஒவ்வொருவருக்கும் ஓர் ஓமர் என்று தேவன் அளவு வைத்தார் (யாத்திராகமம் 16). அதிகமாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை. கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. தேவனுடைய அளவு உண்பவனுடைய தேவையிலிருந்து பிறக்கிறது. டெம்பிளின் அளவு கருவூலத்தின் பயத்திலிருந்து பிறந்தது. இரண்டும் அளவுதான், ஆனால் ஒன்றில் ஜனம் பிழைத்தது, மற்றொன்றில் ஜனம் மாண்டது.

இந்த வரலாறு நமக்கு எட்டாத தூரத்தில் நிகழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். சோழிங்கநல்லூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும்போது பாலத்தின் கீழே ஆகாயத்தாமரை மூடிய ஒரு நீர்வழியைத் தினமும் கடக்கிறீர்கள். அதுவே நம் நாவலூருக்குக் கிழக்கே ஓடி, கேளம்பாக்கம் உப்பங்கழியைக் கடந்து, மாமல்லபுரத்தின் அருகாகத் தெற்கே மரக்காணம் வரை போகிறது. பக்கிங்காம் கால்வாய் என்று அதற்குப் பெயர். 1806-ஆம் ஆண்டில் பட்டணத்துக்கு வடக்கே எண்ணூரை நோக்கித் தொடங்கிய வேலை, பகுதி பகுதியாக நீண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி 1877-78-இல் வெட்டப்பட்டது. அது பஞ்ச நிவாரண வேலை. பசித்த கைகள் அதை வெட்டின. அப்போது மாகாணத்தின் ஆளுநராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இதே கால்வாயின் வடபகுதியில், ஆந்திர நாட்டு ஓங்கோலில், ஜான் கிளஃப் என்னும் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி ஊழியம் செய்துவந்தார். தம்மைச் சுற்றியிருந்த தாழ்த்தப்பட்ட மக்கள் நிவாரண முகாம்களில் படும் பாட்டைக் கண்டு, ஏறத்தாழ மூன்றரை மைல் நீளக் கால்வாய் வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்தார். தம் உபதேசிமாரையே மேற்பார்வையாளராக வைத்தார். வந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கிடைத்தன. வசைச்சொல் இல்லாத நடத்தையும் கிடைத்தது. பல்லாயிரம் பேர் அங்கே வந்து போனார்கள். அவர்களில் அநேகர் ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளஃப் மறுத்துவிட்டார். சோற்றுக்காக ஒருவரும் விசுவாசத்தை அறிக்கையிடக் கூடாது என்று, பஞ்ச உதவி நடந்த ஏறத்தாழ 15 மாதங்கள் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. உதவி முடிந்தபின், இனிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லியும் அவர்கள் விலகவில்லை. 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அந்த எண்ணிக்கையைச் சபைச் சரித்திரங்கள் பெருமையோடு சொல்லும். எனக்கோ அந்த 15 மாதப் பொறுமையே பெரிதாகத் தோன்றுகிறது. பசித்தவனுக்குக் கொடுக்கும் கூலியில் எந்த நிபந்தனையும் ஒளிந்திருக்கலாகாது என்று அவர் அறிந்திருந்தார். நம் தமிழ் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறிஸ்தவர். இதே பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், சிவபக்தராயிருந்தும், அவருடைய கொடையைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். கஞ்சி குடித்தவர் எந்தச் சமயத்தவர் என்று அவரும் கேட்கவில்லை. கொடுத்தவர் எந்தச் சமயத்தவர் என்று இவரும் பார்க்கவில்லை.

அன்பான சகோதர சகோதரிகளே, இப்போது நான் ஒன்றை உங்கள்முன் அறிக்கையிட வேண்டும். கடந்த லெந்து காலத்தில் நம் ஆலயத்தின் திரையில் தொலைதேசத்துப் பஞ்சப் படங்களைக் காட்டினோம். பலர் கண்ணீர் விட்டீர்கள், நானும் விட்டேன். தாராளமாகக் காணிக்கை கொடுத்தீர்கள். அதே மாதம் நடந்த கமிட்டிக் கூட்டத்தில், நம் ஆலயத்தின் இராக்காவல் பணியைச் செய்யும் சகோதரருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டித் தரலாமா என்ற கேள்வி வந்தது. அதிகம் கொடுத்தால் பழகிவிடும் என்று ஒரு குரல் எழுந்தது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தீர்மானமாயிற்று. தலைமை வகித்த நான் வாய் திறக்கவில்லை. டெம்பிளின் வாதம் 1877-இல் முடிந்துவிடவில்லை என்று பெல்லாரிப் படத்தைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அது என் மேசையிலேயே இருந்தது. நான் கார்னிஷாக நிற்கவில்லை.

துயரமான ஒரு படத்தைக் கண்டு வருந்துவது நல்லதே. அந்த வருத்தம் இல்லாதவனுக்காகவே நாம் அஞ்ச வேண்டும். ஆனால் வருத்தம் நம் கையில் ஓர் அளவாக மாறும்வரை அது முழுமையடைவதில்லை. எத்தனை ராத்தல்? எத்தனை ரூபாய்? எத்தனை மணி நேர ஓய்வு? உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு மாத விடுமுறை எத்தனை நாள்? பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் நம் அடுக்குமாடிகளை எழுப்ப ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தகரக் கொட்டகையில் தூங்கும் பிள்ளைகளுக்குக் குடிநீர் எத்தனை குடம்? இரக்கம் இந்தக் கேள்விகளுக்கு எண்ணால் பதில் சொல்லக் கடன்பட்டிருக்கிறது. மரத்தில் செதுக்கியவர் ஒரு கோட்டையும் தள்ளிவிடாமல் எடுத்ததுபோல, நாமும் ஒரு மனிதனையும் தள்ளிவிடாமல் கணக்கெடுக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் கமிட்டி மறுபடியும் கூடும். காவல் சகோதரரின் சம்பளத்தை முதல் பொருளாக நானே வைப்பேன். கமிட்டியில் இல்லாதவர்களும் வந்து அமருங்கள். அதற்குமுன் ஒருமுறையாவது கால்வாய்ப் பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தக் கறுத்த நீரைப் பாருங்கள். அடையாற்றுக்கு அப்பால் அதை வெட்டியவர்கள் ஒரு ராத்தலுக்கும் ஒன்றரை ராத்தலுக்கும் இடையே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபிப்போம். இரக்கமுள்ள பிதாவே, மனிதரையும் மிருகங்களையும் மறவாதவரே, பெயரின்றி மாண்ட எங்கள் முன்னோரை நீர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறீர். கண்ணீரோடு எங்கள் இரக்கம் நின்றுவிடாதபடி காத்தருளும். எங்கள் கையிலிருக்கும் படியைத் திருத்தும். அளக்கும்போது எங்கள் பயத்தைப் பாராமல், எங்கள் முன் நிற்பவரின் பசியைப் பார்க்கக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.